எம்2-வில் வெளிறிய நாற்று வராததற்குக் காரணம் மருந்தின் அளவாக இருக்காது

மக்காச்சோள விதையை, மரபணு மாற்றத்தை உண்டாக்கும் இ.எம்.எஸ். (எத்தில் மீத்தேன்சல்ஃபோனேட்) கரைசலில் ஊறவைத்தும், எம்2-வில் (அந்த விதையில் வளர்ந்த எம்1 செடிகளின் அடுத்த தலைமுறையில்) ஒரு வெளிறிய நாற்றுகூட வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மருந்தின் செறிவைக் கூட்ட வேண்டாம், தயவுசெய்து.

விதைக்கருவில் ஆண் பூங்கொத்தும் கதிரும் பெரும்பாலும் வெவ்வேறு செல்களிலிருந்து உருவாகின்றன. மாற்றம் ஒரு பக்கம் மட்டுமே இருப்பதால், தன்மகரந்தச் சேர்க்கை செய்தாலும் ஒடுங்கு பண்பு (ஆண், பெண் இரு வழியிலும் வந்தால்தான் வெளிப்படும் பண்பு) இரட்டையாகச் சேராது. நெல்லுக்கும் கோதுமைக்கும் இந்தச் சிக்கல் இல்லை. இப்போதுள்ள எம்2 செடிகளைத் தூக்கிப்போடாதீர்கள். ஒவ்வொன்றையும் தன்மகரந்தச் சேர்க்கை செய்து, எம்3-இல் தேடுங்கள்.

அடுத்த பருவத்தில் விதையை விட்டுவிட்டு மகரந்தத்துக்கு மாறுங்கள். மக்காச்சோள மரபியலாளர்கள் நியூஃபரும் கோவும் 1978-இல் விவரித்த பாரஃபின் எண்ணெய் முறை இது. மகரந்தம் தண்ணீர் பட்டால் வெடித்துவிடும், எண்ணெயில் தாங்கும். இ.எம்.எஸ். சுமார் 0.06 சதவீதம் கலந்த எண்ணெயில் புதிய மகரந்தத்தைப் போட்டு, அவ்வப்போது குலுக்கி, முக்கால் மணி நேரம் கழித்துத் தூரிகையால் கதிர்ப்பட்டில் தடவுங்கள். மணி குறைவாகத்தான் பிடிக்கும், அது இயல்பு. அந்த மணிகளில் வளரும் எம்1 செடிகளைத் தன்மகரந்தச் சேர்க்கை செய்தால், மாற்றம் உள்ள செடியின் எம்2 நாற்றுகளிலேயே கால்வாசியில் பண்பு தெரியும்.

ஒன்று கவனியுங்கள்: முதிர்ந்த மகரந்தத்தில் விந்தணுக்கள் இரண்டு; ஒன்று கருவுக்கும், மற்றொன்று கருவுக்கு உணவாகும் முளைசூழ்தசைக்கும் போகும். எம்1 மணியின் முளைசூழ்தசையில் தெரியும் மாற்றம் பெரும்பாலும் கருவில் இருக்காது. மணியின் நிறத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் ஏமாற்றம்தான்.

அப்புறம், இ.எம்.எஸ். புற்றுநோய் உண்டாக்கக்கூடியது, ஆவியாகும். வயலிலும் கையுறை, கண்ணாடி கட்டாயம். தடவிய கதிரை வெறுங்கையால் தொடாதீர்கள். மிச்சத்தைச் சோடியம் தயோசல்ஃபேட்டால் செயலிழக்கச் செய்யாமல் எங்கும் கொட்டிவிட வேண்டாம்.