குளிரோடு கிளம்புங்கள், தம்பி

அன்புள்ள அக்கா,

சீனப் புத்தாண்டு விடுமுறையில் நண்பனும் நானும் தென்கொரியாவின் ஜேஜூ தீவுக்குப் போகிறோம். ஒரு நாளில் ஹல்லா மலை ஏறி இறங்கத் திட்டம். இருவரும் பனியைப் பார்த்ததே இல்லை. எவ்வளவு தடிமனான ஜாக்கெட் வாங்கலாம்? உள்ளே டி-ஷர்ட்டும் ஜீன்ஸும் போதுமா? புக்கிட் தீமா குன்றில் பயிற்சி எடுத்தால் சரிப்படுமா? நண்பன் மாரத்தான் ஓடுபவன், அவன் வேகத்துக்கு நான் ஈடுகொடுக்க வேண்டும். அம்மா முஸ்தபாவில் குரங்குக் குல்லா வாங்கி வைத்திருக்கிறார். நண்பன் அதைப் பார்த்துச் சிரிக்கிறான்.

யீஷூனிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

பனிமலைக்குப் போகும் நம்மூர்க்காரர்கள் எல்லாரும் குளிருக்குப் பயப்படுகிறார்கள். வேர்வைக்குப் பயப்படுகிறவரைக் காணோம். சில வாரங்களாக இதே யோசனையில் இருந்தேன், உங்கள் கடிதம் வந்தது. அதிலும் வேர்வை என்ற சொல் இல்லை.

முதலில் ஜீன்ஸ். கூடாது. பருத்தி டி-ஷர்ட்டும் கூடாது. இதில் பேரம் கிடையாது. பருத்தி ஈரத்தைக் குடித்துவிட்டு விடாமல் வைத்திருக்கும். தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டைக் கடத்தும். இங்கே புளோக்குக்குக் கீழே இறங்கினாலே சட்டை நனைகிறது, அதனால் நமக்கு ஒன்றும் ஆவதில்லை. அந்தப் பழக்கம்தான் அங்கே ஆபத்து.

ஹல்லா மலையின் அமைப்பைக் கவனியுங்கள். உயரம் 1,947 மீட்டர். சொங்பனாக் பாதை ஏறக்குறைய 750 மீட்டர் உயரத்தில் தொடங்குகிறது, உச்சிக்கு 9.6 கிலோமீட்டர். முதல் 7.3 கிலோமீட்டர், ஜிந்தல்லேபாத் தங்குமிடம் வரை, பெரும்பாலும் காட்டுக்குள். மரங்கள் காற்றைத் தடுக்கும், ஏறுகிறவருக்கு உடம்பு சூடாகும், சட்டை நனையும். அது வரைக்கும் எதுவும் தெரியாது. கடைசி 2.3 கிலோமீட்டரில் மரங்கள் குறைந்து, உச்சிக்கு அருகே திறந்த வெளியில் மரப்படிகள். காற்று அங்கே காத்திருக்கிறது. 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6.5 டிகிரி குறையும். மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று வீசினால் தோலுக்கு அது மைனஸ் 20 போல. காட்டில் சேர்த்த ஈரத்தோடு அங்கே போய் நிற்கிறவருடைய ஜாக்கெட் என்ன விலையாக இருந்தால் என்ன?

அதனால் கொஞ்சம் குளிரோடுதான் நடக்கத் தொடங்க வேண்டும். தோலை ஒட்டி மெரினோ கம்பளி அல்லது பாலியெஸ்டர் அடிச்சட்டை, அதன்மேல் மெல்லிய ஃபிளீஸ் (பஞ்சுபோன்ற செயற்கைத் துணிச் சட்டை), காற்று வந்தால் மட்டும் காற்றுத்தடுப்பு மேலுடை. பத்து நிமிடம் நடந்ததும் நின்று பாருங்கள். முதுகு கசகசத்தால் முதலில் குல்லாவையும் கையுறையையும் கழற்றி ஜிப்பைத் திறங்கள். போதவில்லையா, ஃபிளீஸ் பைக்குள் போகட்டும். வேர்த்த பிறகு கழற்றுவது தாமதம், வேர்க்கும் முன் கழற்ற வேண்டும். ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகம்தான் சரியான வேகம்.

இங்கேதான் உங்கள் நண்பன் மேல் எனக்குக் கோபம் வருகிறது. அவன் வேகத்துக்கு நீங்கள் ஏன் ஈடுகொடுக்க வேண்டும்? மெதுவாக நடப்பவர்தான் முன்னால் போக வேண்டும். பின்னால் ஓடினால் நீங்கள் நனைவீர்கள், முன்னால் போய் உங்களுக்காக நின்றால் அவன் விறைப்பான். அடிவாரத்திலேயே இதைப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

நண்பன் வேண்டியது வேறு வேலைக்கு. உடம்புச் சூடு 35 டிகிரிக்குக் கீழே போகிறவருக்குப் பல நேரம் அது தெரியாது, “குளிரவே இல்லை” என்பார். பக்கத்தில் இருப்பவர் பார்க்க வேண்டும்: பேச்சு குழறுகிறதா, கால் தடுமாறுகிறதா, ஜிப்பை இழுக்கக் கை வரவில்லையா? நடுக்கம் இருக்கும்போதே ஈர உடையை மாற்றி, போர்த்தி, இனிப்பு கொடுத்து, கீழே கூட்டிவர வேண்டும். சூடு ஏறாமலே நடுக்கம் நின்றால் நிலைமை மோசம், அங்கே அவசர உதவி எண்ணான 119ஐ அழையுங்கள். மூக்கு நுனி வெளுத்து மரத்தால் சூடான உள்ளங்கையால் மூடுங்கள், தேய்க்காதீர்கள்.

ஜிந்தல்லேபாத்தில் உட்காரும் முன் இரண்டாவது அடிச்சட்டைக்கு மாறுங்கள். அந்த ஒரு நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டு குளிரைத் தாங்கத்தான் வேண்டும். காய்ந்த சட்டையும் ஒரு ஜோடி உள்கையுறையும் தண்ணீர் புகாத உறையில் இருக்கட்டும். குளிர்காலத்தில் நண்பகலை ஒட்டி அங்கே வாயிலை மூடிவிடுவார்கள், அதற்குப் பின் உச்சிக்கு விடமாட்டார்கள். விடியற்காலையிலேயே தொடங்குங்கள். உச்சிக்கு முன்பதிவு வேண்டும். மலையில் கடை இல்லை. கொரியர்களுக்கும் பெரும்பாலும் அதே நாளில்தான் புத்தாண்டு, ஊரில் பல கடைகள் மூடியிருக்கும், சாப்பாட்டை முந்தைய நாளே வாங்குங்கள். தண்ணீர் மேலிருந்து உறையும், போத்தலைத் தலைகீழாக வையுங்கள். கைப்பேசி உள்சட்டைப் பையில்.

புக்கிட் தீமா 163 மீட்டர்தான். ஏறுங்கள், நல்லதுதான், ஆனால் ஹல்லா மலையில் இறக்கமும் 9.6 கிலோமீட்டர். வீவக அடுக்குமாடிப் படிக்கட்டுகளில் இறங்கிப் பழகுங்கள், முழங்கால் நன்றி சொல்லும். பூட்ஸுக்கு அடியில் மாட்டும் முட்சங்கிலி வேண்டும். அங்கே ஐஜென் என்பார்கள், வாடகைக்கும் கிடைக்கும். மிதிபட்டு இறுகிய பனியில் அது இல்லாமல் இறங்கவே கூடாது.

அம்மாவின் குல்லாவைப் பார்த்து யாரும் சிரிக்க வேண்டாம். காது, கன்னம், கழுத்து மூன்றையும் ஒரே துணி மூடுகிறது, கம்பளியாக இருந்தால் இன்னும் நல்லது. நண்பனுக்கும் ஒன்று வாங்கச் சொல்லுங்கள்.

ஜாக்கெட் கேட்டீர்கள். இடுப்புக்குக் கீழே இறங்கும், தலைமூடியுள்ள, நடுத்தரத் தடிமனான டவுன் ஜாக்கெட் போதும். ஃபிளீஸுக்கு மேல் போடும்படி ஓர் அளவு பெரிதாக எடுங்கள். அதைப் போட்டுக்கொண்டு ஏறாதீர்கள், உள்ளே இருக்கும் மென்சிறகு வேர்வையில் நனைந்து கட்டிகட்டியாகிவிட்டால் சூட்டைப் பிடிக்காது. பையில் எல்லாவற்றுக்கும் மேலாக வையுங்கள். நின்ற உடனே, தண்ணீர்ப் போத்தலைத் தொடுவதற்கு முன்பே, அதை எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும்.

அன்புடன்,
அக்கா