காணாமல்போன மலை

அன்புள்ள ஐயா,

எரிமலைப் பயணம் பற்றிய உங்கள் கட்டுரையை நம்பித்தான் போன ஜூலையில் கிளம்பினோம். ஊரிலிருந்து வந்திருந்த அப்பா அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகள். அமெரிக்காவின் ஆரகன் மாநிலத்துப் போர்ட்லண்டில் தொடங்கி ஹூட் மலை, க்ரேட்டர் லேக், ஷாஸ்டா, லாஸன் என்று மூன்று நாளில் ஆயிரம் மைல். க்ரேட்டர் லேக்கில் இருபது நிமிடம் நின்றோம். நல்ல நீலம். படம் எடுத்துக்கொண்டோம். அப்பா, "மேட்டூர் டேம் மாதிரிதான் இருக்கு" என்றார். பிள்ளைகள் காரை விட்டு இறங்கவே இல்லை. நீங்கள் அங்கே ஒரு மணி நேரம் பேச்சற்று நின்றதாக எழுதியிருந்தீர்கள். எங்களுக்கு ஏன் ஒன்றும் தோன்றவில்லை? கொஞ்சம் கூட்டி எழுதிவிட்டீர்களோ?

எஸ்., போர்ட்லண்ட்

அன்புள்ள எஸ்.,

கொஞ்சம் கூட்டித்தான் எழுதினேன். பேச்சு வராததற்கு ஏரி பாதிக் காரணம், ஏழாயிரம் அடி உயரம் மீதி. என் வயதில் அங்கே நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது.

ஆனால் ஏரி பார்க்கிறோம் என்று போனால் அந்த இடத்துக்கு இருபது நிமிடமே தாராளம். அது ஒரு மலை காணாமல்போன இடம். மஸாமா என்று இன்று சொல்கிற அந்த மலை 12,000 அடி இருந்திருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். சுமார் 7,700 ஆண்டுகளுக்கு முன் வெடித்தது. அடியில் இருந்த கற்குழம்பு வெளியேறிக் கீழே வெற்றிடமானதும், மலையின் தலை அப்படியே உள்ளே இறங்கிவிட்டது. என் ஒன்பது வயதுப் பேரனுக்கு இது மண்டையில் ஏறவில்லை. என் மனைவிதான், "உப்பின பூரியை விரலால குத்தினா என்ன ஆகும்?" என்று கேட்டாள். "அமுங்கிடும்." "அவ்வளவுதான்." பையன் திரும்ப ஒருமுறை ஏரியை எட்டிப் பார்த்தான்.

இன்னொன்றும் உண்டு. நாங்கள் அங்கே வருவதற்கு இரண்டு நாள் முன்பே செயின்ட் ஹெலன்ஸ் எரிமலையைப் பார்த்திருந்தோம். உங்கள் பட்டியலில் அது இல்லை. என் கணக்கில் பெரிய தவறு அதுதான். 1980 மே 18, காலை 8.32. நிலநடுக்கத்தில் மலையின் வடபக்கம் சரிய, மூடி திறந்த குக்கர் மாதிரி பக்கவாட்டில் வெடித்தது. 57 பேர் இறந்தார்கள். மலை 400 மீட்டர் குட்டையானது. ஸ்பிரிட் ஏரிக்கரையில் விடுதி நடத்திய 83 வயது ஹாரி ட்ரூமன், எவ்வளவு சொல்லியும் இடத்தை விட்டு நகர மாட்டேன் என்று இருந்துவிட்டார். அவரும் விடுதியும் மண்ணுக்கு அடியில். கிழக்குப் பக்கம் விண்டி ரிட்ஜ் வரை காரிலேயே போகலாம். அங்கே நின்றால் அந்த ஸ்பிரிட் ஏரி தெரியும். அன்று விழுந்த மரங்கள் நாற்பது வருஷத்துக்குப் பிறகும் வெளுத்துப்போய் மிதக்கின்றன. காற்று அடிக்கிற பக்கம் ஒதுங்குகின்றன.

போகிற வழியில் மெட்டா ஏரி அருகே ஒரு கார் கிடக்கிறது. கண்ணாடி இல்லை, பெயிண்ட் இல்லை, நசுங்கிய துருக்கூடு. வெடிப்பில் இறந்துபோன ஒரு குடும்பம் வந்த கார். நாங்களும் குடும்பமாகக் காரில் வந்தவர்கள்தானே. யாரும் படம் எடுக்கவில்லை. ஆனால் பக்கத்திலேயே அந்தச் சின்ன ஏரியில் மீனும் தவளையும் பிழைத்துக்கொண்டன. மே மாதமாகியும் பனி மூடியிருந்ததால், அதுவே அவற்றுக்குப் போர்வை. பேரன் இந்தத் தவளைக் கதையை ஊர் வந்த பிறகும் நாலு பேரிடம் சொன்னான்.

நேற்று நடந்ததுபோல் இருக்கிற இதைப் பார்த்துவிட்டுத் தெற்கே ஒரு முழுப் பகல் ஓட்டினால் க்ரேட்டர் லேக். வடக்கு வாசல் வழியாக வந்தால், ஏரிக்கு முன்னால் மரமே இல்லாத ஒரு பொட்டல் வரும். நீங்கள் அறுபது மைல் வேகத்தில் தாண்டியிருப்பீர்கள். அங்கே நிறுத்துங்கள். காலடியில் இருப்பது நம் குளியலறையில் குதிகால் தேய்க்க வைத்திருக்கும் கல். கையில் எடுத்தால் கனமே இல்லை. பார்த்துவிட்டு அங்கேயே போட்டுவிட வேண்டும், எடுத்துவரக் கூடாது. அந்தக் கல் அங்கே ஏறத்தாழ இருநூறு அடி ஆழத்துக்குக் கிடக்கிறது. அதாவது காணாமல்போன மலையின் ஒரு பங்கின் மேல்தான் நாம் நிற்கிறோம். அதற்குப் பிறகு ஏரி விளிம்புக்குப் போனபோதுதான் எனக்குப் பேச்சு நின்றது.

அந்த மலை விழுந்ததை மனிதர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். ஃபோர்ட் ராக் குகையில் மஸாமாவின் சாம்பலுக்குக் கீழே, செடிப்பட்டையில் பின்னிய செருப்புகள் 1938-ல் கிடைத்தன. க்ளமாத் பழங்குடிகளோ, கீழுலகத்துத் தலைவன் லாவுக்கும் மேலுலகத்துத் தலைவன் ஸ்கெல்லுக்கும் நடந்த சண்டையில் மலை இடிந்தது என்று இன்றும் சொல்கிறார்கள்.

அப்பா மேட்டூர் என்றதில் தப்பே இல்லை. மேட்டூருக்குக் காவிரி வருகிறது. இங்கே எந்த ஆறும் வரவில்லை, எந்த ஆறும் போகவில்லை. மழையும் பனியும் மட்டுமே 594 மீட்டர் ஆழத்துக்கு நிரப்பியிருக்கின்றன என்று சொல்லிப் பாருங்கள். அணை பார்த்து வளர்ந்தவர், மேலே கேட்பார்.

லாஸனை இன்னொரு வருஷத்துக்கு வையுங்கள். இந்த இரண்டுக்கே நாலு நாள் வேண்டும். கிளம்புமுன் ரோடு திறந்திருக்கிறதா என்று பாருங்கள்; சில வருஷம் ஜூலை வரைகூடப் பனி கிடக்கும். விண்டி ரிட்ஜ் போகிற வழியில் கடை கிடையாது, புளியோதரை கட்டிக்கொள்ளுங்கள். வளைவுகள் அதிகம். அம்மாவை முன்சீட்டில் உட்கார வையுங்கள். நாங்கள் என் மனைவியைப் பின்னால் உட்கார வைத்துவிட்டு மூன்று இடத்தில் வண்டியை நிறுத்த வேண்டியதாயிற்று.