காலை 10-க்கு ஏறி இரவு 7.30-க்கு லண்டன்: உண்மையில் எத்தனை மணி நேரம்?

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு அம்மா கேட்கிறார்: "லண்டனில் நர்ஸாக இருக்கும் மகளைப் பார்க்க ஜூலையில் முதன்முறையாக விமானம் ஏறுகிறேன். திருவனந்தபுரத்தில் காலை 10 மணிக்குப் புறப்பட்டு, துபாயில் மாறி, அன்றிரவு 7.30-க்கு இறங்குவதாக டிக்கெட்டில் இருக்கிறது. ஒன்பதரை மணி நேரம்தானே? மகள் 14 என்கிறாள். துபாய் சுற்றுவழி இல்லையா? வீட்டிலிருந்து எப்போது கிளம்ப வேண்டும்?"

மகள் சொல்வதுதான் சரி, அம்மா. டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர்க் கடிகாரத்தின் மணி. புறப்படும் 10 நம்முடையது, இறங்கும் 7.30 லண்டனுடையது. ஜூலையில் லண்டன் நமக்கு நாலரை மணி நேரம் பிந்தி இருக்கும். நீங்கள் அங்கே இறங்கும்போது மார்த்தாண்டத்தில் நள்ளிரவு 12. துபாய் வரை ஏறக்குறைய நாலேகால் மணி நேரம், அங்கிருந்து ஏழரை மணி நேரம், மீதி இரண்டேகால் மணி நேரம் விமானம் மாற.

சுற்றுவழி என்ற சந்தேகம் பலருக்கும் உண்டு. சுவரில் தொங்கும் தட்டை வரைபடத்தை நம்பாதீர்கள். பேரப்பிள்ளைகளின் உலக உருண்டை கிடைத்தால், திருவனந்தபுரத்தில் ஒரு நூலை வைத்து லண்டன் வரை இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். நூல் துபாயை ஒட்டியே போகும். நேர்தூரம் சுமார் 8,400 கிலோமீட்டர். துபாய் வழியாகப் போனால் கூடுவது ஐம்பது கிலோமீட்டர் அளவுதான். விமானத்துக்கு அது நான்கு நிமிடம்கூட இல்லை. நேரத்தைத் தின்பது இறங்கி ஏறுவதுதான்.

சாலைப் பயணத்தையும் இதே கவனத்தோடு கணக்கிடுங்கள். மார்த்தாண்டத்திலிருந்து விமான நிலையம் சுமார் 40 கிலோமீட்டர். களியக்காவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் வழியில் நெரிசல் பிடித்தால் ஒன்றரை மணி நேரமும் ஆகும். 7 மணிக்கு உள்ளே இருக்க, 5.30-க்குக் காரில் ஏறிவிடுங்கள். வெளிநாட்டு முனையம் சாக்கை பக்கம். டிரைவர் உள்நாட்டு முனையம் இருக்கும் சங்குமுகத்துக்குக் கொண்டுபோய்விடாமல் முன்பே சொல்லிவிடுங்கள்.

பெட்டியில் ஒட்டும் சீட்டில் லண்டன் என்று இருக்கிறதா என்று கவுண்டரிலேயே கேளுங்கள். ஒரே டிக்கெட் என்றால் துபாயில் பெட்டியை எடுக்க வேண்டியதில்லை. சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால், அன்றைய பகல் நாலரை மணி நேரம் நீளும் என்பதை டாக்டரிடம் சொல்லி நேரம் கேட்டுக்கொள்ளுங்கள். மாத்திரை கைப்பையில் இருக்கட்டும்.

திரும்பும்போது கணக்கு தலைகீழ். உயரத்தில் மேற்கிலிருந்து வீசும் காற்று விமானத்தைப் பின்னாலிருந்து தள்ளுவதால் லண்டன்–துபாய் ஏழு மணி நேரத்தில் முடியும். ஆனாலும் பகல் 2-க்கு ஏறினால் இங்கே இறங்குவது மறுநாள் காலை 8 அளவில். அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். அதற்குப் பிறகு திரும்பினால் நாலரைக்குப் பதில் ஐந்தரை என்று கூட்டிக்கொள்ளுங்கள்.