தளை தட்டினால் கவிதை சாகுமா?

கேள்வி: கவிதை தானாக ஊற்றெடுக்க வேண்டும், இலக்கணம் படித்து எழுதினால் செத்துப்போகும் என்கிறார் என் தோழி. எனக்கோ வெண்பா பழக ஆசை. பழகலாமா? (வாசகி, கும்பகோணம்)

பதில்: தாராளமாகப் பழகுங்கள் அம்மா. முதல் வரி சில சமயம் தானாக வரும்; அது உண்மைதான். அடுத்த வரிக்குப் பயிற்சி வேண்டும்.

குறளும் ஒரு வெண்பாதான்; முதல் குறளையே எடுத்துக்கொள்ளுங்கள். 'அகர முதல எழுத்தெல்லாம் ஆதி'. இதில் 'எழுத்தெல்லாம்' காய்ச்சீர்; அதாவது எழுத்-தெல்-லாம் என்று மூன்று அசைகளாக (ஓசைத் துண்டுகளாக) பிரிந்து நேரசையில் முடியும் சீர். புள்ளி எழுத்தைக் கணக்கில் விட்டால் ஓரெழுத்து அசை நேரசை, ஈரெழுத்து அசை நிரையசை. வெண்பாவில் காய்ச்சீருக்குப் பின் நேரசைதான் வர வேண்டும். 'ஆதி' நேரசையில் தொடங்குகிறது, சரி. அந்த இடத்தில் 'இறைவன்' என்று போட்டுப் பாருங்கள். நிரையசையில் தொடங்குவதால் தளை தட்டும், அதாவது சீரும் சீரும் இணையும் கட்டு பிசகும். 'அகர'த்தோடு மோனையும் (முதலெழுத்து ஒத்து வருவதும்) போய்விடும். இப்படி ஒரு சொல் மறுக்கப்படும்போது மனம் வேறு சொல்லைத் தேடி ஓடுகிறதே, நாம் நினைத்தே பார்க்காத சொல் பல நேரம் அங்கேதான் கிடைக்கிறது. எனக்கு வெண்பாவில் பிடித்ததே இந்தத் தேடல்தான். வசன கவிதை எழுதிய பாரதியும் யாப்பில் (செய்யுள் இலக்கணத்தில்) கை தேர்ந்தவர்தான் என்பதைத் தோழியிடம் சொல்லுங்கள்.

சீர்களின் ஓசை வடிவங்களுக்குப் பெயர் சொல்லும் வாய்பாட்டு அட்டவணையோடு மட்டும் தொடங்காதீர்கள். தினமும் சில குறள்களை உரக்கப் படியுங்கள். ஈற்றுச்சீர் (கடைசிச் சீர்) நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு ஓசை வடிவங்களில் ஒன்றாக முடிவது காதுக்குப் பழகட்டும். அப்புறம் அசை பிரித்து அலகிட்டுப் பாருங்கள். எழுதியதை எனக்கு அனுப்புங்கள், தளை தட்டினாலும் பரவாயில்லை.