திலகரை மாண்டலேக்கு அனுப்பிய தாவர்: உங்கள் கேள்விகளுக்கு என் பதில்

1908-ஆம் வருஷத்து ராஜத்துரோக வழக்குகளைப் பற்றிப் போன வாரம் பேசியபோது பம்பாய் ஹைகோர்ட் நீதிபதி தின்ஷா தாவர் பெயரைச் சொன்னேன். அன்றிலிருந்து கேள்வி வந்தபடி இருக்கிறது. இராமநாதபுரத்தில் முப்பத்தோரு வருஷம் வக்கீல் குமாஸ்தாவாகக் கேஸ் கட்டுத் தூக்கியவன் நான். படித்ததையும் கண்ணால் பார்த்ததையும் வைத்துப் பதில் சொல்கிறேன்.

தொண்டித் தம்பி ஒருவர்: ஐயா, வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் கொடுத்தது பின்ஹே என்றுதான் படித்திருக்கிறோம். இந்தத் தாவர் யார்? நமக்கு அவரோடு என்ன சம்பந்தம்?

ஒரே மாதம், ஒரே சட்டப்பிரிவு, தம்பி. ஜூலை 7-ஆம் தேதி திருநெல்வேலியில் பின்ஹே தீர்ப்புச் சொன்னார். ஜூலை 22-ஆம் தேதி பம்பாயில் திலகருக்குத் தாவர் தீர்ப்புச் சொன்னார். இரண்டு வழக்குமே ராஜத்துரோகத்துக்கான 124ஏ பிரிவு. நம் கரைக்கும் இதில் பங்கு உண்டு. வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனிக்குத் தலைவராக இருந்த பாண்டித்துரைத் தேவர், இராமநாதபுரத்துச் சேதுபதி மன்னர் குடும்பத்துக்கு உறவுக்காரர்.

தாவர் 1856-இல் பிறந்த பார்சி, அதாவது பாரசீகத்திலிருந்து வந்து குடியேறிய ஜொராஸ்ட்ரிய மதத்தவர். பாரிஸ்டராகப் பம்பாயில் பேர் எடுத்து, 1906-இல் நீதிபதியானவர்.

கீழக்கரையில் சட்டம் படிக்கும் மாணவி: திலகருக்காக வாதாடியவரே பிறகு திலகருக்குத் தண்டனை கொடுத்தார் என்கிறார்களே, நிஜமா?

நிஜம்தானம்மா. எனக்கு இந்த வழக்கில் மனசு ஆறாத இடமே இதுதான். 1897-இல் திலகர்மேல் முதல் ராஜத்துரோக வழக்கு வந்தது. மற்ற இடங்களில் ஜாமீன் மறுத்த பிறகு, நீதிபதி பத்ருதீன் தியாப்ஜி முன்னால் போய் நின்று ஜாமீன் வாங்கிக் கொடுத்த வக்கீல் இதே தாவர். பதினோரு வருஷம் கழித்து அதே திலகர், அதே குற்றச்சாட்டு. தாவர் இப்போது நாற்காலியில் இருக்கிறார். ஜாமீன் கேட்டு எதிரே நிற்பவர் ஜின்னா என்ற இளம் பாரிஸ்டர். 1897-இல் தாவர் வாங்கிய அந்த உத்தரவையே முன்மாதிரியாகக் காட்டி ஜின்னா வாதாடினார். தாவர் ஜாமீன் மறுத்தார், காரணம் எதையும் விளக்காமல்.

வக்கீலாக இருந்தபோது சொன்னதற்கு நீதிபதி கட்டுப்பட வேண்டியதில்லை, அது எனக்கும் தெரியும். ஆனால் ஒரு காலத்தில் தன் கட்சிக்காரராக இருந்தவரின் வழக்கு வந்தால் ஒதுங்கிக்கொள்ளலாம். ஒதுங்காவிட்டால், ஏன் மறுக்கிறேன் என்றாவது நாலு வரி எழுதியிருக்க வேண்டும். கட்சிக்காரர் வீட்டுப் பெண்கள் கோர்ட் வராந்தாவில் காத்திருக்கும்போது, காரணம் எழுதாத உத்தரவை எடுத்துக்கொண்டு வெளியே வருவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். என்ன சொல்லி அவர்களைத் திருப்பி அனுப்புவது?

மண்டபத்து மீனவர் ஒருவர்: ஜூரி வைத்துத்தானே விசாரித்தார்கள்? அப்புறம் நீதிபதியை மட்டும் ஏன் குறை சொல்லணும்?

நல்ல கேள்வி. ஜூரியில் ஒன்பது பேர். ஏழு பேர் வெள்ளைக்காரர்கள், இரண்டு பேர் பார்சிகள். முசாபர்பூரில் ஓர் ஆங்கிலேய நீதிபதியைக் குறிவைத்து நடந்த குண்டுவெடிப்புக்குப் பிறகு திலகர் எழுதிய கட்டுரைகளுக்காக வந்த வழக்கு அது. கட்டுரைகள் வந்ததோ திலகரின் ‘கேசரி’ பத்திரிகையில், மராத்தியில். மராத்தி தெரியாதவர்கள் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பைப் படித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். திலகர் தனக்குத்தானே வாதாடி, இருபத்தோரு மணி நேரத்துக்கு மேல் பேசினார். அதில் பெரும் பகுதி, இந்தச் சொல்லுக்கு இது அர்த்தம் இல்லை என்று எடுத்துச் சொல்வதிலேயே போனது. ராத்திரி 8 மணிக்கு மேல் ஜூரி உள்ளே போய் 9.20-க்குத் திரும்பியது. ஏழு பேர் குற்றவாளி என்றார்கள், இரண்டு பேர் இல்லை என்றார்கள். ஏழு பேர் சொன்னதை ஏற்று ஆறு வருஷ நாடு கடத்தலும் 1,000 ரூபாய் அபராதமும் போட்டது தாவர். தண்டனையின் அளவு நீதிபதி கையில்தான் இருந்தது.

சொல் மாறினால் வழக்கே மாறும் என்பது உங்களுக்குச் சட்டென்று புரியும். இரண்டு வள்ளம் மோதிய வழக்கு ஒன்றில் ஒரு பெரியவர் கூண்டில் ஏறி, “கச்சான் அடிச்ச நேரம்யா அது” என்றார். வெளியூரிலிருந்து வந்த அலுவலர் “காற்று அடித்த நேரம்” என்று வாக்குமூலத்தில் ஏற்றிவிட்டார். மேல்காற்று என்கிற செய்தியே அதில் இல்லை. வள்ளம் எந்தப் பக்கம் தள்ளிப்போனது என்பதுதான் அந்த வழக்கின் உயிர். அதைத் திருத்த எங்களுக்கு மூன்று வாய்தா ஆனது.

ஏர்வாடியிலிருந்து: அப்படியென்றால் தாவர் அரசாங்கத்துக்கு விலைபோனவரா?

அப்படிச் சொல்லமாட்டேன். சட்டம் தெரிந்தவர், கடுமையாக உழைத்தவர். அதே 1908-இல் பார்சிகளின் பெரிய வழக்கை நீதிபதி பீமனோடு சேர்ந்து விசாரித்தார். ஆர்.டி. டாடா கல்யாணம் செய்த பிரெஞ்சுப் பெண்மணி, ஜே.ஆர்.டி. டாடாவின் தாயார், பார்சி மதச் சடங்கு செய்துகொண்டவர். அவரைப் பார்சியாக ஏற்கலாமா என்பது கேள்வி. ‘பார்சி’ என்றால் யார் என்று அந்தத் தீர்ப்பு வகுத்த இலக்கணத்தை இன்றைக்கும் எடுத்து வாதிடுகிறார்கள்.

ஆனாலும் தாவருக்கு சர் பட்டம் வந்தபோது பம்பாய் வக்கீல்கள் விருந்து வைக்க ஏற்பாடு செய்தார்கள். ஜின்னா வர மறுத்துவிட்டார். அரசாங்கம் விரும்பியதைச் செய்து, ஒரு தேசபக்தரைச் சிறைக்கு அனுப்பிப் பட்டம் வாங்கியவருக்கு விருந்தா என்று கேட்டார். ஜின்னாவிடம் பிற்காலத்தில் வக்கீல் தொழில் பழகிய சாக்ளா இதை எழுதிவைத்திருக்கிறார். எனக்கு ஜின்னா பக்கம்தான் நியாயமாகப் படுகிறது.

பாம்பனிலிருந்து: வ.உ.சி.க்கு அப்பீலில் குறைந்ததே, திலகருக்கு ஏன் குறையவில்லை?

பின்ஹே உட்கார்ந்திருந்தது ஜில்லா செஷன்ஸ் கோர்ட். மேலே சென்னை ஹைகோர்ட் இருந்தது, அங்கே ஆறு வருஷமாகக் குறைத்தார்கள். லண்டனில் இந்திய விவகாரங்களைக் கவனித்த மந்திரி மார்லிக்கே திருநெல்வேலித் தண்டனை பொறுக்கவில்லை. அளவு மீறிய கடுமை வெடிகுண்டுக்குத்தான் வழி என்று வைஸ்ராய்க்கு எழுதினார். திலகர் வழக்கோ நேரடியாக ஹைகோர்ட்டிலேயே நடந்தது. அங்கிருந்து சாதாரண அப்பீல் கிடையாது. லண்டனில் இருந்த மேல் அப்பீல் மன்றமான பிரிவி கவுன்சிலுக்குப் போக அனுமதி கேட்டார்கள், அதுவும் கிடைக்கவில்லை. அரசாங்கமே அபராதத்தை நீக்கி, நாடு கடத்தலை வெறுங்காவலாக மாற்றிப் பர்மாவில் உள்ள மாண்டலேயில் வைத்தது. அவர் 1914-இல்தான் வெளியே வந்தார்.

இராமேசுவரத்து அக்கா ஒருவர்: கேட்கவே வயிறு எரிகிறது. வெள்ளைக்கார நீதிபதிகளில் ஒருத்தர்கூட ஈரம் உள்ளவர் இல்லையா?

இருந்தார் அக்கா. சிறையிலிருந்து வந்த வ.உ.சி.க்கு வக்கீல் சன்னது, அதாவது தொழில் செய்யும் உரிமம், இல்லை. மளிகைக் கடை வைத்தும் பார்த்தார், குடும்பம் தள்ளாடியது. பல வருஷம் கழித்து அந்தச் சன்னது திரும்பக் கிடைக்க வழி செய்தவர் வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதி. வ.உ.சி. தன் கடைசி மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார்.