அஞ்சல்துறைக்குப் பிடித்த முடிவு

அன்புள்ள அக்கா,

இரண்டு பெண்களின் காதலைச் சொல்லும் 'கரோல்' படம் பார்த்துவிட்டு, அதன் மூலநாவலை எழுதிய அமெரிக்க எழுத்தாளர் பட்ரீசியா ஹைஸ்மித்தைப் பற்றித் தேடிப் படித்தேன். அவரும் மாரிஜேன் மீக்கர் என்ற பெண் எழுத்தாளரும் காதலித்து, ஒரே வீட்டில் வாழ்ந்து, பிரிந்திருக்கிறார்கள். ஹைஸ்மித் இறந்த பிறகு மீக்கர் அதை ஒரு நினைவுநூலாக எழுதியிருக்கிறார். பதில் சொல்ல முடியாதவரைப் பற்றி அப்படி எழுதுவது சரியா? அந்தக் காலத்துச் சமூகம்தானே அவர்களைப் பிரித்தது? இன்று பிறந்திருந்தால் சேர்ந்தே இருந்திருப்பார்கள் அல்லவா? நாவலையும் படிக்க வேண்டுமா, படமே போதுமா?

கே.

அன்புள்ள கே.,

படமே போதுமா என்று ஒரு நாவலாசிரியையிடமே கேட்கிறீர்கள். நல்ல தைரியம்தான். படியுங்கள்.

மீக்கரின் 'ஸ்பிரிங் ஃபயர்' நாவலைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்தது. 1952-இல், வின் பேக்கர் என்ற ஆண்பெயரில் அவர் எழுதியது. கோல்ட் மெடல் பதிப்பகம் வெளியிட்ட மலிவுப் பதிப்பு, விலை 25 சென்ட். சுமார் 15 லட்சம் பிரதிகள் விற்றதாகச் சொல்வார்கள். கல்லூரி விடுதியில் இரண்டு பெண்கள் காதலிக்கிறார்கள். கடைசியில் ஒருத்திக்குப் புத்தி பேதலித்து மனநல மருத்துவமனைக்குப் போகிறாள். மற்றவள், தான் அவளை ஒருநாளும் காதலிக்கவே இல்லை என்று கண்டுகொள்கிறாள். அத்தனை பக்கமும் உருகிவிட்டு இப்படியா என்று கோபம் வரும். 'எழுதியவருக்கே குற்ற உணர்ச்சி, அதுதான் முடிவில் தெரிகிறது' என்று சொல்லும் மேதாவிகளும் உண்டு.

நடந்தது வேறு. பதிப்பாசிரியர் டிக் கரோல் முதலிலேயே நிபந்தனை போட்டுவிட்டார். புத்தகங்கள் தபாலில் போகின்றன, தபால் அதிகாரிகள் பிரித்துப் பார்ப்பார்கள். இந்தக் காதலை ஆதரிப்பதுபோல் ஒரு புத்தகம் இருந்தால் அந்தக் கட்டு முழுவதும் திரும்பி வந்துவிடும். ஆகவே சந்தோஷமான முடிவு கூடாது. ஆக, அந்தக் கடைசி அத்தியாயத்தில் பாதி அஞ்சல்துறை எழுதியது.

அதே வருடம்தான் ஹைஸ்மித், கிளேர் மார்கன் என்ற பெயரில் எழுதிய 'தி பிரைஸ் ஆஃப் சால்ட்' வெளிவந்தது. உங்கள் 'கரோல்' அதுதான். அவருடைய முதல் நாவலை வெளியிட்ட ஹார்ப்பர் நிறுவனம் இதை மறுத்துவிட, வேறு பதிப்பகம் போட்டது. அதில் யாரும் சாகவில்லை, யாருக்கும் பைத்தியம் பிடிக்கவில்லை. மலிவுப் பதிப்பு வந்ததும் கிளேர் மார்கனுக்குப் பதிப்பகத்தின் முகவரியில் கடிதங்கள் குவிந்தன. பத்தும் பதினைந்துமாக உறையில் போட்டு, வாரத்துக்கு இரண்டு தடவை, மாதக்கணக்கில் அனுப்பினார்களாம். அப்படியென்றால் கத்தி எல்லார் தலையிலும் விழவில்லை. விழலாம் என்ற பயமே போதுமானதாக இருந்தது. விழுந்ததும் உண்டு. 1954 அக்டோபரில், தன்பாலினக் காதலர்களுக்காக வந்த 'ஒன்' என்ற சிற்றிதழின் ஓர் இதழை லாஸ் ஏஞ்சலிஸ் தபால் அதிகாரி நிறுத்திவைத்தார். ஆபாசம் என்று காட்டப்பட்டவற்றில் ஒரு சிறுகதையும் இருந்தது. படுக்கையறைக் காட்சி எல்லாம் இல்லை. ஒரு பெண், தன்னைக் கட்டிக்கொள்ள நினைப்பவனை விட்டுவிட்டு இன்னொரு பெண்ணோடு போகிறாள், அவ்வளவுதான். மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை ஆபாசம் என்றது. 1958 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒற்றை வரியில் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது.

நான் எழுத ஆரம்பித்த காலத்தில் ஒரு வார இதழில் தொடர்கதை எழுதினேன். கணவனை விட்டு வந்தவளுக்குத் தாலுகா ஆபீஸில் டைப்பிஸ்ட் வேலை. கடைசி அத்தியாயத்தை வாங்கிப் படித்த ஆசிரியர், "அவ திரும்பிப் போகட்டும்மா, இல்லேன்னா அண்ணன் வீட்டுலயாவது கொண்டுபோய்ச் சேர்த்துடுங்க, தனியா மட்டும் விடாதீங்க" என்றார். அண்ணன் வீட்டில் சேர்த்தேன். பிற்பாடு ஒருவர் அந்தக் கதையை வைத்து என்னைக் 'குடும்ப அமைப்பின் காவலாளி' என்று நீளமாக ஒரு கட்டுரை எழுதினார். காவலும் இல்லை, கத்திரிக்காயும் இல்லை. அந்த மாதம் வாடகை பாக்கி.

இப்போது உங்களிடம் வருகிறேன். சமூகம்தானே பிரித்தது என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டீர்கள்! ஹைஸ்மித்தும் மீக்கரும் 1959-இல் நியூயார்க்கின் கிரீன்விச் வில்லேஜில் 'எல்ஸ்' என்ற லெஸ்பியன் மதுக்கூடத்தில் சந்தித்தார்கள். அந்த மாதிரி இடங்களை மாஃபியா நடத்தியது, போலீஸ் எப்போது வேண்டுமானாலும் நுழையும். அந்தக் கொடுமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. மழைக்கோட்டும் கையில் ஜின்னுமாக நின்றிருந்த ஹைஸ்மித்துக்கு 38 வயது. கிளேர் மார்கன் யார் என்று அங்கே வருகிறவர்களுக்குத் தெரியும், அதனால் அவர் அங்கே ஒரு நட்சத்திரம். மீக்கர் ஆறு வயது இளையவர், ஏற்கெனவே வேறொரு பெண்ணோடு வாழ்ந்துகொண்டிருந்தார். 1960-இல் பென்சில்வேனியாவில் நியூ ஹோப் அருகே ஒரு வீடு எடுத்தார்கள். யாரும் கல்லெறிந்து அவர்களை அங்கிருந்து துரத்தவில்லை. ஹைஸ்மித் குடித்தார், நிறையக் குடித்தார். அவருக்கு எப்போதும் ஐரோப்பா ஞாபகம். எங்கே கிளம்பிவிடுவாரோ என்று மீக்கருக்குப் பயம், பொறாமை. சுமார் அரை வருடம்தான் தாங்கியது. ஆணும் பெண்ணுமாக இருந்திருந்தால் 'ஒத்துவரவில்லை' என்று விட்டிருப்பீர்கள். இவர்களுக்கு மட்டும் ஒரு வில்லன் வேண்டும், ஒரு தியாகம் வேண்டும். சோகமாக முடிந்தால்தான் அந்தக் காதலுக்கு மரியாதையா? டிக் கரோல் தபால்காரனுக்குப் பயந்து செய்ததை நீங்கள் யாரும் கேட்காமலே செய்கிறீர்கள், கே. சண்டை போட்டுப் பிரிகிற சாதாரண உரிமையையாவது அவர்களுக்கு விட்டுவையுங்கள்.

இன்று பிறந்திருந்தாலும் பிரிந்திருப்பார்கள், இன்னும் சீக்கிரமாக. 1992-இல் ஹைஸ்மித் மீக்கரின் வீட்டுக்கு வந்து தங்கினார். யூதர்களையும் கறுப்பின மக்களையும் அவர் வாய்கூசாமல் திட்டியதை மீக்கர் எழுதியிருக்கிறார். உங்கள் மனதில் இருக்கும் தியாகப் பதுமைக்கு இதெல்லாம் பொருந்தாது.

அப்புறம், அந்த நினைவுநூல் சரியா என்று கேட்டிருந்தீர்கள். சரிதான். தன் பொறாமையையும் ஒளிக்காமல்தான் மீக்கர் எழுதியிருக்கிறார். 2003-இல் அது வெளிவந்தபோது அவருக்கே வயது எழுபத்தைந்துக்கு மேல். ஹைஸ்மித் பதில் சொல்ல முடியாதவர் என்று பரிதாபப்பட வேண்டாம். டைரியும் குறிப்பேடுமாக 8,000 பக்கம் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்தியை, நீங்கள் கேட்டுக்கொண்டபடி, இங்கே எடுத்துவிட்டேன். அதற்குத் தனியாக எழுதுகிறேன். அதற்குள் அவசரப்பட்டு வீட்டில் எதையும் கொட்டிவிடாதீர்கள். முதலில் அந்த வேலை நிரந்தரமாகட்டும். சாப்பாட்டை விட்டுவிட்டு அழுதுகொண்டிருப்பதாக எழுதியிருந்தீர்களே, அது எனக்குப் பிடிக்கவில்லை. ஒழுங்காகச் சாப்பிடுங்கள்.

அன்புடன்,
அக்கா