கேள்வி - பதில்: 577-ம் 577-ம் ஒன்றில்லையா?

கே: பாரீஸ் ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் தகுதிச் சுற்றில் சரப்ஜோத் சிங் 577 எடுத்தார். ஜெர்மனியின் ராபின் வால்டரும் அதே 577. அவர் மட்டும் எப்படி ஃபைனலுக்குப் போனார்?

ப: ஒரே ஒரு குண்டு! தகுதிச் சுற்றில் 75 நிமிடத்தில் 60 குண்டுகள். பிஸ்டலுக்கு அங்கே முழு எண்தான், 10.0 சுட்டாலும் 10.9 சுட்டாலும் பத்துதான். சமமாக நின்றால், குறியின் நடுவே பத்துப் புள்ளி தரும் வட்டத்துக்குள்ளே இருக்கும் சின்ன வட்டத்தில் யாருக்கு அதிகம் என்று பார்ப்பார்கள். அந்தப் பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவு 11.5 மில்லிமீட்டர், உள்வட்டம் 5 மில்லிமீட்டர்தான். வால்டருக்கு அதில் 17, சரப்ஜோத்துக்கு 16. எட்டுப் பேருக்குத்தான் இடம் என்பதால் இவர் ஒன்பதாவதாக நின்றுவிட்டார். ஸ்கோர் பலகையில் புள்ளியை ஒட்டி 'எக்ஸ்' போட்டு வரும் எண் அதுதான். நம் பத்திரிகைகள் பல நேரம் அதை விட்டுவிடுகின்றன.

கே: மனு பாக்கர் தகுதிச் சுற்றில் 580 எடுத்துவிட்டு ஃபைனலில் 221.7 எடுத்தாரே, சறுக்கலா?

ப: இல்லை. ஃபைனலில் எல்லோருக்கும் பூஜ்யத்திலிருந்து கணக்கு. அங்கே தசமப் புள்ளியும் சேரும். முதலில் ஐந்தைந்தாக இரண்டு சுற்று, ஒவ்வொன்றுக்கும் 250 நொடி. பிறகு குண்டுக்கு 50 நொடி. 12-வது குண்டு முடிந்ததும் எட்டாமவர் வெளியே. அதிலிருந்து இரண்டு குண்டுக்கு ஒருவர். மனு 22 குண்டோடு மூன்றாவதாக நின்றார். அப்போது கொரியாவின் கிம் யே-ஜிக்கு 221.8. வெண்கலத்துக்கும் வெள்ளிக்கும் நடுவே 0.1!

கே: துருக்கியின் யூசுப் டிகெச் பாக்கெட்டில் கை விட்டுக்கொண்டு சுட்டது ஸ்டைலா?

ப: ஸ்டைலாகவும் இருந்தது! ஆனால் எல்லோரும் செய்வதுதான். ஒரே கையால்தான் பிடிக்க வேண்டும் என்பது விதி. மற்ற கை தொங்கினால் உடம்பு ஆடும். பாக்கெட்டிலோ பெல்ட்டிலோ கட்டிப்போட்டால் ஆடாது.

கே: டிவியில் எதைப் பார்த்தால் ஆட்டம் புரியும்?

ப: குறிப்பலகையை விட்டுவிட்டுக் கையைப் பாருங்கள். பிஸ்டலைத் தூக்கி, மெல்ல இறக்கிக் குறியில் நிறுத்துவார்கள். அந்த நேரத்தில் கண், பிஸ்டல் முனையில் குறிபார்க்க இருக்கும் முன்சைட்டில்தான் இருக்க வேண்டும். குறி மங்கலாகத் தெரிந்தால் போதும். நிறுத்தி வெகுநேரம் ஆகிவிட்டால் கை நடுங்க ஆரம்பிக்கும், கண்ணும் சோரும். 'இப்போதாவது விட்டுவிடுவோம்' என்று ட்ரிகரை வெடுக்கென்று இழுத்தால், வலது கைக்காரரின் குண்டு பெரும்பாலும் இடப்பக்கம் கீழே இறங்கும். எட்டு, ஒன்பது வருவது பல நேரம் இப்படித்தான். ட்ரிகருக்கு குறைந்தது 500 கிராம் இழுவை இருக்க வேண்டும் என்பதால், சும்மா தொட்டாலே வெடித்துவிடாது. சீராக அழுத்தியாக வேண்டும். சுடாமலே கையை இறக்கி, மூச்சு வாங்கி மறுபடி தூக்குகிறாரா? பயந்துவிட்டார் என்று நினைக்காதீர்கள். அவர் கெட்ட குண்டு ஒன்றைத் தவிர்த்திருக்கிறார். ஆனால் கடிகாரத்தையும் பாருங்கள். ஃபைனலின் 50 நொடியில் இப்படி இரண்டு தடவைக்கு மேல் செய்ய நேரம் கிடைப்பது கஷ்டம்.